சனிக்கோளுக்கு ஒரு வண்டிச் சக்கரம்

கதவுக் கீலுக்கு இன்று விட்ட விளக்கெண்ணெயின் வாசம், நாமகிரிப்பேட்டைப் பக்கம் இப்போது வீடுகளாகிவிட்ட எங்கள் களத்துக்கு, வைக்கோல் கரியும் விளக்கெண்ணெயும் குழைத்த வண்டி மை மணக்கும் ஒரு சாயங்காலத்துக்கு என்னைக் கொண்டுபோய்விட்டது. பழைய பித்தளைத் தொலைநோக்கி ஒன்றை வாங்கிவந்த அப்பா, கையில் பிடித்தால் நடுங்குகிறதென்று, எங்கள் ஒரே வண்டியின் சக்கரத்தைக் கழற்றி, களத்தில் துருவ நட்சத்திரத்தைப் பார்த்தாற்போல வடக்கே சாய்த்து நட்ட அச்சில் மாட்டி, அதன் ஆரக்கால்களோடு தொலைநோக்கியைக் கட்டியிருந்தார். ஒரு விரலால் தள்ளினால் போதும், சக்கரம் சத்தமில்லாமல் திரும்பும்.

"ஏனுங்க, விடிஞ்சா கடலை சந்தைக்குப் போகோணும். சக்கரத்தை வண்டியில மாட்டிக் குடுங்க" என்று அம்மா கோபமாக வந்து நின்றாள். அப்பா தொலைநோக்கியிடமிருந்து விலகி அவளுக்கு இடம் விட்டார்.

அம்மா குனிந்து பார்த்தாள். சற்றுமுன் நான் பார்த்த அதே சனிதான்: இருட்டில் மிதக்கும் சின்ன முத்து, அதைத் தொடாமல் சுற்றி ஒரு வளையம்.

"நகருதுங்க" என்றாள் மெல்ல.

"நாமதான் நகர்றோம், பூமியோட" என்றார் அப்பா.

ஓடும் வண்டியில் நிற்பவளைப்போல அம்மா காலை அகட்டி ஊன்றிக்கொண்டாள். ஒற்றை விரலால் சக்கரத்தைத் தள்ளித் தள்ளிச் சனியின் பின்னாலேயே போனாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டேன்.

வெகுநேரம் கழித்து, கண்ணை எடுக்காமலே சொன்னாள்: "சந்தை அடுத்த வாரமும் கூடுமுங்க."