வடமேற்கு மூலையில் என்ன வைப்பது?

அடுத்தவர் வீட்டுச் சோபாவை இங்கிருந்து அங்கே நகர்த்திப் பிழைப்பு நடத்துகிறவள் நான். விசிட்டிங் கார்டில் இன்டீரியர் டிசைனர் என்று கொஞ்சம் கௌரவமாகப் போட்டிருக்கிறேன். ஆபீஸ் தஞ்சாவூரில், வேலை சுற்றுவட்டாரம் முழுக்க. முன்பெல்லாம் வீட்டுக்காரர்கள் சுவருக்கு என்ன நிறம், ஜன்னலுக்கு என்ன திரை என்று கேட்டார்கள். இப்போது ‘சி’ சரியாக ஓடுமா என்று கேட்கிறார்கள். ஃபெங் சுயி என்கிற சீன வாஸ்துவில் ‘சி’ என்றால் ஜீவசக்தி. அது வாசல் வழியாக வந்து, எதிலும் இடித்துக்கொள்ளாமல் வீடு முழுக்கச் சுற்ற வேண்டுமாம். என்னைக் கேட்டால் ஃபெங் சுயியில் முக்கால்வாசி, வாசலில் செருப்பைக் குவிக்காதே, ஜன்னலைத் திறந்து வை என்பதுதான். அதை நான் சொன்னால் யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை, சீனாவிலிருந்து வந்தால் பவ்யமாகக் கேட்கிறார்கள். சரி என்று நானும் படித்துக்கொண்டேன்.

வீடு கட்டியவர்கள், பீரோ எந்தப் பக்கம் என்று வீட்டுக்குள் சண்டை போட்டவர்கள், பெயிண்டர் நாளைக்கு வருவார் என்று நம்பிக் காத்திருந்தவர்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. உங்களுக்காக ஒரே ஒரு வீட்டில் நான் பட்ட பாட்டைச் சொல்கிறேன். பட்டுக்கோட்டை தாண்டி, கடற்கரைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு ஊர். வீட்டுக்காரி ஷமீமா. கணவர் நாசர் பாய், வளைகுடாவில் ஒரு கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். வீடு முடிந்ததும் வேலையை விட்டுவிட்டு ஊரோடு வந்துவிடுவதாக வாக்குக் கொடுத்திருந்தார். கட்டட வேலை முடிந்து, உள்வேலை மட்டும் பாக்கி இருந்தபோது என்னைக் கூப்பிட்டார்கள்.

*முதல் நாள்*

அளவெடுக்க என்னோடு கோவிந்தராஜ் ஆசாரி வந்திருந்தார். ஒரத்தநாட்டுக்காரர், என் மரவேலை முழுக்க அவர் பொறுப்பு. நாங்கள் டேப்பை எடுப்பதற்குள் போன் அடித்தது. வீடியோவில் நாசர் பாய். டியூட்டி முடிந்து, அடுக்குக் கட்டிலின் மேல்படுக்கையில் சாய்ந்துகொண்டிருந்தார். தூக்கம் வரும்வரை அங்கே அவருக்கு ஃபெங் சுயி வீடியோக்கள்தான் துணை. பார்த்ததை எல்லாம் எனக்கும் அனுப்புவதாகச் சொன்னார். ‘வாழ்நாள் சம்பாத்தியம் மேடம், ஒரு குறை இருக்கக் கூடாது’ என்றார். நியாயமான ஆசை. நானும் தலையாட்டினேன்.

போனை வைத்ததும் ஷமீமா எனக்கு ரோஸ்மில்க்கை நீட்டியபடி குரலைத் தாழ்த்தினார். “மேடம், அழகாவும் செய்யுங்க, சீக்கிரமாவும் செய்யுங்க. ரெண்டுல ஒண்ணுதான் முடியும்னா சீக்கிரமா செய்யுங்க.”

*தவளைக்குப் பதில்*

ஃபெங் சுயியில் சிரிக்கும் புத்தர், டிராகன், வாயில் காசு கவ்விய மூன்று கால் தவளை என்று ஒரு பட்டாளமே உண்டு. உருவம் எதுவும் வீட்டுக்குள் வரக் கூடாது, வந்தால் மலக்குமார்கள், அதாவது வானவர்கள், வர மாட்டார்கள் என்று ஷமீமா முதலிலேயே சொல்லிவிட்டார். நாசர் பாய்க்கும் அதில் மறுபேச்சு இல்லை. ஆனால் செல்வம் கொண்டுவரும் தவளையை விட மனசும் இல்லை. ‘தவளை இல்லாம, தவளை செய்யற வேலையை மட்டும் செய்யற மாதிரி ஏதாவது இருக்கா மேடம்?’ என்று கேட்டார். இந்த மாதிரிக் கேள்விகளுக்குப் பதில் சொல்லத்தான் எனக்குக் கூலி. நுழைந்ததும் ஒரு பித்தளை உருளி, அதில் தண்ணீர், மேலே மஞ்சள் வெளிச்சத்தில் ஒரு விளக்கு என்றேன். உலோகமும் ஆச்சு, நீரும் ஆச்சு, பார்க்கவும் லட்சணமாக இருக்கும். சம்மதித்தார், ஒரு பெருமூச்சோடு.

பலகையை இழைத்துக்கொண்டிருந்த ஆசாரி நிமிர்ந்து போனைப் பார்த்துச் சொன்னார். “தவளைக்கா பாய் இவ்வளவு யோசனை? ஐப்பசி வரட்டும், கிணத்தடியில கூட்டமா வந்து உக்காரும். வேணுங்கற அளவுக்குப் பாத்துக்கலாம்.”

*சாப்பாடு இரண்டு மடங்கு*

சாப்பாட்டு மேஜைக்கு எதிரே பெரிய கண்ணாடி வைத்தால் சாப்பாடு இரட்டிப்பாகத் தெரியும், அதனால் செல்வமும் இரட்டிப்பாகும் என்று அடுத்த வீடியோ. எனக்கும் அது பிடித்திருந்தது. அந்த இடம் கொஞ்சம் இருட்டு, கண்ணாடி இருந்தால் வெளிச்சம் கூடும். தஞ்சாவூரிலிருந்து வேனில் வைக்கோல் மெத்தை போட்டு, பிள்ளைத்தாச்சியை அழைத்துப் போகிற மாதிரி மெதுவாகக் கொண்டுபோய் மாட்டினோம். ஷமீமா சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு பிரியாணி போட்டார். இதோடு வேலை முடிந்தது என்று நினைத்துவிட்டார், பாவம்.

மறுநாள் காலையில் இன்னொரு வீடியோ. வாசலுக்கு நேராக இருக்கும் கண்ணாடி, உள்ளே வரும் ‘சி’யை வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுமாம். எங்கள் கண்ணாடியோ வாசற்படியில் நின்றாலே பளிச்சென்று தெரியும். கழற்றினால் சுவரில் ஓட்டை, ஓட்டையை அடைத்தால் திட்டாகத் தெரியும், திட்டை மறைக்கச் சுவர் முழுக்கப் பெயிண்ட் அடிக்க வேண்டும். பட்டவர்களுக்குத் தெரியும் இந்த வேதனை. நான் தயங்கித் தயங்கி ஷமீமாவிடம் விஷயத்தைச் சொன்னேன்.

“கழட்டுங்க மேடம், எனக்கும் நிம்மதி. சாப்பாடு ரெண்டு மடங்கா தெரிஞ்சுதோ இல்லியோ, கழுவாத பாத்திரம் நல்லா ரெண்டு மடங்கா தெரிஞ்சுது.”

*ஹாலில் ஓடிய ஆறு*

வடக்கில் ஓடும் நீர் தொழிலுக்கு விசேஷம் என்பது ஃபெங் சுயி. ஹாலின் வடக்குச் சுவரோரம் கருங்கல் அடுக்கி, சின்ன மோட்டார் வைத்து ஒரு நீரூற்று செய்தேன். சொந்தப் பெருமை பேசக் கூடாது, ஆனாலும் சொல்கிறேன், அழகாக வந்திருந்தது. ஆசாரிக்குக் கடைமடையில் கொஞ்சம் குத்தகை நிலம் உண்டு. அவர் சுவிட்சைப் போட்டார், அணைத்தார், மறுபடி போட்டார். ‘மேட்டூர் தொறந்தும் எங்க வாய்க்காலுக்கு இன்னும் வந்து சேரல. இங்க தட்டுனா வந்துடுது!’ என்று ஆச்சரியப்பட்டார்.

அந்த வாரமே நாசர் பாயிடமிருந்து உற்சாகமாகப் போன். கம்பெனியில் அவரை சீனியர் ஆக்கப்போகிறார்களாம், ஆனால் புதிதாக ஒப்பந்தம் போட வேண்டுமாம். தண்ணீரின் மகிமை என்றார். நான் வாழ்த்துச் சொல்ல வாயெடுத்தேன். ஷமீமா நேரே போய் மோட்டார் பிளக்கைப் பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“தொழிலுக்கு நல்லதுன்னு சொன்னீங்களே மேடம், எந்த ஊர்த் தொழிலுக்குன்னு மொதல்ல கேட்டிருக்க வேணாமா?”

*கட்டில் படுத்திய பாடு*

கட்டில் விஷயத்தில் மூன்று கட்சிகள். மேற்கே தொழுகைத் திசை, அந்தப் பக்கம் கால் நீட்டக் கூடாது என்பது ஷமீமா. வடக்கே தலை வைக்கக் கூடாது, வைத்தால் தன் பெயர் கெட்டுவிடும் என்பது ஆசாரி. அறைக் கதவைப் பார்த்துக் கால் நீட்டக் கூடாது என்பது நாசர் பாயின் வீடியோ. கதவோ கிழக்கே இருந்தது. எல்லாம் கழித்துப் பார்த்தால் மிஞ்சியது தெற்கே தலை. அப்பாடா என்று கட்டிலைத் திருப்பிப் போட்டு நிமிர்ந்தால், தலைக்கு நேர் மேலே பீம். பீமுக்குக் கீழே தூங்கினால் மனபாரம் என்று உடனே ஒரு வீடியோ வந்தது. பீமை மறைக்க ஃபால்ஸ் சீலிங் போட வேண்டும், அதற்குத் தனியாக ஆள் வர வேண்டும்.

வேலை மறுபடி நீண்டதில் எனக்கே சலிப்பாக இருந்தது. ‘கட்டிலுக்கு இது சரியான இடம்தானா, ஒருவாட்டி படுத்துப் பாருங்களேன்’ என்று ஷமீமாவிடம் சொன்னேன். அறையில் நாங்கள் இருவர் மட்டும்தான். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து மெத்தையைத் தடவினார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அன்று வீடு திரும்பும் வழியெல்லாம் மனசு கனத்துக் கிடந்தது.

“எந்தப் பக்கம் போட்டா என்ன மேடம், அதுல ஒரு பக்கம் காலியாதானே கெடக்கு?”

*வடமேற்கு மூலை*

ஒருவழியாக எல்லாம் முடிந்தது. சீலிங் முடிந்தது, சுவர் முடிந்தது, திரை தொங்கியது. ஒரு மாலையில் நாசர் பாய்க்கு போனில் வீடு முழுக்கச் சுற்றிக் காட்டினோம். அவருக்குக் குறை சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. ‘அப்ப டிக்கெட் போட்டுடலாம்ல மச்சான்?’ என்று ஷமீமா கேட்டார். அவர் முகத்தைத் திரைக்குப் பக்கத்தில் கொண்டுவந்து உற்றுப் பார்த்தார். பிறகு, ‘அந்த வடமேற்கு மூலை ஏன் காலியா இருக்கு? அது குடும்பத் தலைவனோட மூலையாச்சே, அங்க ஏதாவது வச்சாகணுமே’ என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மனுஷருக்கு வீடு முடிவது பயமாக இருக்கிறது. முடிந்தால் வர வேண்டும். இத்தனை வருஷம் கழித்து வந்து, இங்கே காலையில் எழுந்து எங்கே போவது, என்ன செய்வது என்று அவருக்குத் தெரியவில்லை. அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு கண்ணாடி, பீம், மூலை என்று ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொள்கிறார். அவர்மேல் இருந்த கோபம் போய், பாவமாகிவிட்டது எனக்கு.

ஆனாலும் தொழில் தொழில்தான். அந்த மூலையில் தலைவருக்கென்று ஒரு தேக்கு நாற்காலி போடலாம், முதுகுக்குச் சுவர், கண்ணுக்கு எதிரே வாசல், ஃபெங் சுயிக்கு அதைவிடப் பொருத்தம் இல்லை என்றேன். உங்கள் அளவு மட்டும் வேண்டும் என்றும் சொல்லிவைத்தேன். ‘இருங்க, டேப் எடுத்துட்டு வரேன்’ என்று அவர் சந்தோஷமாகக் கட்டிலிலிருந்து இறங்கினார். ஷமீமா சட்டென்று போனைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். போனில் சொல்கிற அளவுக்கு நாற்காலி செய்ய முடியாதாம், ஆள் நேரில் வந்து உட்கார வேண்டுமாம், ஆசாரி கறாராகச் சொல்லிவிட்டாராம். ஆசாரி அப்படி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவர் என்னைப் பார்த்தார், நான் சீலிங்கைப் பார்த்தேன். உடனே அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, ‘ஆமாங்க பாய், உக்காராம செஞ்சா இடுப்பு போயிடும்’ என்று உரக்கச் சொன்னார்.

‘வீடு முடியட்டும், வந்துடுறேன்னு சொன்னேன்ல’ என்று நாசர் பாய் இழுத்தார். ஷமீமா குரல் உயரவே இல்லை. “நீங்க வராம வீடு முடியாது மச்சான். இனி உங்க இஷ்டம்.”

*அளவு கொடுக்க வந்தவர்*

வந்தார். விடுமுறை போட்டு, அளவு கொடுத்துவிட்டுப் போவதற்காக. நான் போனபோது அவர் வந்து இரண்டு நாள் ஆகியிருந்தது. இத்தனை மாதம் ஒவ்வொரு அங்குலத்துக்கும் யோசனை சொன்ன மனிதர், கை கழுவப் போய் ஸ்டோர் ரூம் கதவைத் திறந்துகொண்டு நின்றார். விளக்குப் போட வேண்டும் என்று மின்விசிறியைப் போட்டார். உருளியில் கால் இடித்துக்கொண்டார். ‘போன்ல எல்லாம் நல்லா தெரிஞ்சுது மேடம், நான் எங்க நிக்கணும்னுதான் தெரியல’ என்று கூச்சத்தோடு சிரித்தார்.

ஆசாரி அவரை ஒரு பெஞ்சில் உட்காரவைத்து, முழங்கால் உயரம், முதுகு நீளம், கை வைக்கும் இடம் எல்லாம் அளந்தார். கல்யாண மாப்பிள்ளைக்கு அளவெடுக்கிற தையல்காரர் தோற்றார். நாசர் பாய் அசையாமல், பெருமையாக உட்கார்ந்திருந்தார். எழுந்ததும், ‘எப்ப ரெடியாகும் ஆசாரி? அதுல ஒரு நாளாவது உக்காந்துட்டுத்தான் நான் பிளேன் ஏறணும்’ என்றார். ‘பத்து நாள்ல குடுத்துடறேன் பாய்’ என்றார் ஆசாரி, தன் வேகத்தில் தனக்கே ஒரு திருப்தியோடு.

அடுப்படியிலிருந்து டீத் தட்டோடு வந்த ஷமீமா, முதல் கிளாஸை நாசர் பாய்க்குக் கொடுத்துவிட்டு ஆசாரி பக்கம் திரும்பினார். “என்ன அவசரம் அண்ணே? மரம் நல்லா காயட்டும், அதுவரைக்கும் அவுங்க இருப்பாங்க.”

அந்தத் தேக்கு இன்னும் காய்ந்துகொண்டே இருக்கிறது, நாசர் பாய் பட்டுக்கோட்டையில் தேங்காய் வியாபாரத்தில் இறங்கிவிட்டார், எனவே ஃபெங் சுயி பலிக்குமா என்று கேட்பவர்களுக்கு நான் இப்போது தயங்காமல் சொல்லும் பதில், கட்டாயம் பலிக்கும், வேலையை மட்டும் முடித்துவிடக் கூடாது என்பதுதான்.