தொகாஷி சானின் இருட்டு

எங்கள் ஆய்வகத்தில் இருட்டு தொகாஷி சானின் சொத்து. ஜப்பானில், கனாசவாவில், முயல் இதயத்தின் மின் அலையைப் படம் பிடிக்கும் அறைக்குள் யார் நுழைந்தாலும் வாசலில் நிறுத்தி, செல்பேசி, மினுங்கும் கைக்கடிகாரம் எல்லாவற்றையும் வாங்கி வைத்துக்கொள்வார். அமைச்சகத்திலிருந்து வந்த ஒருவரின் காது கேட்கும் கருவியைக்கூடக் கழற்ற வைத்தார். அதில் ஒரு புள்ளி எரிந்ததாம். அந்த மனிதர் நாங்கள் சொன்ன எதையும் கேட்காமலே பாராட்டிவிட்டுப் போனார்.

தொகாஷி சான் ஆய்வகத்தின் தொழில்நுட்ப உதவியாளர், வயது ஐம்பத்தெட்டு. முயலின் இதயத்தை எடுத்து, ஒரு நிமிடத்துக்குள் குழாயில் கட்டித் தொங்கவிட்டு, உப்புக் கரைசலைப் பாய்ச்சுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. இதயம் மறுபடி துடித்ததும், “வந்துட்டியா” என்பார். பிறகு அசைவை மட்டும் நிறுத்தும் மருந்து. அப்புறம் சாயம், மின் அலை கடக்கும் இடத்தில் அதன் ஒளி மாறும், கேமரா அதைப் பிடிக்கும்.

அந்த வியாழக்கிழமை எங்கள் ஆராய்ச்சியாளர் ஹதானோவுக்கு ஐந்து மணிக்குள் மாநாட்டுக்கு ஆய்வுச் சுருக்கம் அனுப்பியாக வேண்டும். முப்பத்துநான்கு வயது, வேலை ஒப்பந்தம் மார்ச்சில் முடிகிறது. நல்ல முடிவு இருந்தால் நீடிக்கும். மூன்று நாளாக இதயத்தின் கீழ்முனையில், அலை போன பிறகும், திரையில் ஒரு சின்ன ஒளித் துடிப்பு தெரிந்துகொண்டிருந்தது. யாரும் பார்க்காதது என்று மனிதர் தரையில் நடக்கவில்லை.

தொகாஷி சான் திரையை எட்டிப் பார்த்தார். இத்தனை ஒழுங்காகத் தன் வீட்டுக்காரர் குறட்டைகூட விடமாட்டாரே என்றார். பொறாமை என்று ஹதானோ சிரித்தார்.

தொகாஷி சான் திரைச்சீலைக்குப் பின்னால் போய், வழக்கம்போலக் கையை உயர்த்தி, இதயத்தின் அடியில் கரைசல் வடியும் குழாயைத் தாங்கிப் பிடித்தார். கேமராவுக்கு ஒரு வெற்றுப் படம் எடுக்க, சாயத்தை ஒளிரவைக்கும் பச்சை விளக்கை நான் அணைத்தேன். முழு இருட்டில், அவருடைய கையுறைக்கும் சட்டைக்கைக்கும் நடுவே இன்னொரு பச்சை விட்டுவிட்டு மின்னியது. நாடி பார்க்கும் பட்டை. அறையே பச்சையாக இருந்தபோது அது யார் கண்ணிலும் பட்டிருக்காது.

அவர் சட்டைக்கையை இழுத்துவிட்டார். இருட்டுக்கு அவர் இருந்த இருபத்தாறு வருடக் காவல் அந்த நிமிடத்தில் என்ன பாடுபட்டதோ. பிறகு வெளியே வந்தார்.

“ஹதானோ சான், உங்க புதுத் துடிப்பு என் கையில இருக்கு.”

ஹதானோ கிண்டல் என்றே நினைத்தார். தொகாஷி சான் மணிக்கட்டை நீட்டினார். திங்கட்கிழமை வீட்டுக்காரர் கட்டிவிட்டதாம். கசிந்த வெளிச்சம் சாயத்தைத் தூண்டியிருக்கிறது. பட்டையைக் கழற்றி மறுபடி எடுத்தோம். கீழ்முனை சுத்தமாக இருந்தது.

ஹதானோ நாற்காலியில் சரிந்தார். “இன்னும் ரெண்டு மணி நேரம் கழிச்சுச் சொல்லியிருக்கலாம்ல?”

“சொல்லியிருக்கலாம். அப்புறம் மேடையேறி என் மணிக்கட்டைப் பத்தி இருபது நிமிஷம் பேசியிருப்பீங்க.”

ஹதானோவுக்குச் சிரிப்பு வரவில்லை. இதயம் இன்னும் நன்றாகத்தான் இருக்கிறது, வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள் என்று தொகாஷி சான் மறுபடி குழாயைப் பிடித்துக்கொண்டார். கரைசலைக் குளிர்வித்தால் அலை எவ்வளவு மெதுவாகும் என்று அளந்தோம். பெரிய விஷயமில்லை, ஆனால் மூன்று தடவையும் ஒரே விடை.

நாலே முக்காலுக்குச் சுருக்கம் ஒன்பது வரியாகச் சுருங்கியிருந்தது. “முதன்முறையாக” என்ற சொல்லின் மேல் ஹதானோவின் விரல் நின்றது.

“விட்டுவெக்க ஆசையாத்தான் இருக்கும்,” என்றார் பின்னால் நின்ற தொகாஷி சான். “எடுத்துடுங்க.”

எடுத்துவிட்டு அனுப்பினார்.