பதினாறு கண் பெட்டியும் ஒரு சாக்கும்

1. திங்கட்கிழமை, மாரமங்கலம் பக்கத்து எஸ்டேட்டில் காப்பி காயும் களத்தோரக் கம்பத்தில் என் பெட்டியைக் கட்டினேன். மாடு களத்தில் கால் வைத்தால் அது மணியடிக்க வேண்டும்.
2. புதன்கிழமையே பெட்டியின் நான்கு டார்ச் செல்லும் தீர்ந்தன.
3. எஸ்டேட் கணக்கைப் பார்க்கும் ரைட்டர் சொன்னார்: "ஏனுங்க, வாரத்துக்கு ஒருக்காதான் இங்கிருந்து டவுனுக்கு ஆள் போகும். ஒரு வாரம் செல்லு தாங்கலீன்னா களட்டிட்டுப் போயிருங்க."
4. புதுச் செல் போட்டுவிட்டுச் சேலம் திரும்பினேன். வேறெதையும் மாற்றவில்லை.
5. ஒரு வாரம் கழித்து வந்து அளந்தால், செல்லில் பாதிக்கு மேல் மிச்சம்.

ஐந்தாவதுதான் புரியவில்லை. ரைட்டருக்கோ திருப்தி. பெட்டி இருக்கட்டும் என்றார். என் கல்லூரிக் கடைசி வருட புராஜெக்ட் அது. சோதித்துப் பார்க்க வேறு களமும் கிடையாது. பேசாமல் தலையாட்டியிருக்கலாம்.

காப்பி கிளறிக்கொண்டிருந்த அக்காவிடம் கேட்டேன். "மாடு வந்துச்சுங்களா?"

"ரெண்டு வாட்டி வந்துச்சு கண்ணு."

"மணி அடிச்சுதுங்களா?"

"எங்க அடிக்கும்? அதைத்தான் மூடி வெச்சிருந்தனே. நீ வாறேன்னுதான் காலையில எடுத்தேன்."

மூடுபனியை இங்கே மஞ்சு என்பார்கள். அது இறங்கினால் காப்பியின் மேல் தார்ப்பாய் போடுவார்கள். அக்கா என் பெட்டிக்கும் ஒரு சாக்குப் போட்டிருக்கிறார். "நொம்ப நனையுது. உள்ளாற அத்தனை வயரு, சளி புடிச்சுக்காதா?"

"அப்ப மாட்டை யாருங்க வெரட்டுனது?"

"நாந்தான். அதுக்கு செல்லு வேணுமாக்கும்?"

களத்தின் ஓரத்தில் உட்கார்ந்து யோசித்தேன். பெட்டிக்குள் ஒளியை உணரும் வில்லைகள் பதினாறு, நான்குக்கு நான்காக. ஏதாவது ஒன்று மங்கினாலும் சிப் முழுதாக விழித்துக் கணக்குப் போடும். முதல் தடவை அதை நாளெல்லாம் எழுப்பியது மாடு அல்ல, மஞ்சு. சாக்குக்குள் இருட்டு மாறவேயில்லை. அதனால் தூங்கியே செல்லை மிச்சம்பிடித்திருக்கிறது.

ஆனால் மஞ்சு பதினாறையும் சேர்த்து மங்கவைக்கும். மாடு நான்கைந்தை மட்டும். முதலில் எதிரெதிர் மூலை இரண்டை மட்டும் பார்த்து, இரண்டும் ஒரே அளவு மங்கியிருந்தால் திரும்பத் தூங்கச் சொன்னால் என்ன?

ரைட்டரிடம் சாக்கு விஷயத்தைச் சொன்னேன். அவர் சொன்னார்: "அப்ப இன்னொரு வாரமுங்க. அவ்வளவுதான்."

சிப்பை அப்படியே மாற்றி, புதுச் செல்லும் போட்டேன். இந்தத் தடவை சாக்கு இல்லை; நானும் இங்கேயே இருக்கிறேன். இன்று ஐந்தாம் நாள். மணி ஒருமுறை மாட்டுக்கு அடித்தது; களத்தின் நடுவில் நின்ற இன்னொரு மாட்டுக்கு அடிக்கவில்லை, மூலை இரண்டும் ஒன்றுபோலவே இருந்ததால். செல்லில் கால்வாசி இருக்கிறது. இன்னும் இரண்டு நாள் தாங்க வேண்டும்.