கீழே இருந்த இன்னொரு ரேங்க்

கடத்தூரில் கம்ப்யூட்டர் சென்டர் வைத்திருக்கிறேன். போன வருடம் தையல்காரர் ஒருவரின் மகள் ஆயிஷா, அகில இந்திய சட்டக் கல்லூரி நுழைவுத் தேர்வு ரிசல்ட் பார்க்க அப்பாவோடு வந்தாள். ஐந்து இலக்க ரேங்கைப் பார்த்ததும், எல்லாம் தெரிந்தவன் போல, "இதுக்கு சீட் கிடைக்காதுங்க பாய், கவுன்சிலிங்குக்கு அலையாதீங்க" என்றேன். அவர் என்னை நம்பி எழுந்துவிட்டார்.

"கீழ இன்னும் ஏதோ போட்டிருக்குதுங்கண்ணா" என்றாள் ஆயிஷா. கடையில் கூட்டம் நின்றது. நான் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

இரண்டு வாரம் கழித்து வேறொருவருக்கு ரிசல்ட் எடுத்தபோதுதான் கீழே இருந்ததைப் படித்தேன். அது இட ஒதுக்கீட்டுப் பிரிவுக்கான தனி ரேங்க். பதறிப்போய் ஆயிஷாவுடையதைத் தேடி எடுத்தேன். முந்தைய வருடம் அவளைவிடப் பின்னால் இருந்தவர்களுக்கே சீட் கிடைத்திருந்தது. ஆனால் கவுன்சிலிங்குக்குப் பதிவு செய்யும் நாள் முடிந்துபோயிருந்தது.

அவர்கள் வீட்டுக்கே போய் நடந்ததைச் சொன்னேன்.

"தெரியலைன்னா தெரியலைன்னு சொல்லியிருக்கலாங்கண்ணா" என்றாள் ஆயிஷா. குரலில் கோபமே இல்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இந்த வருடம் மறுபடியும் எழுதினாள். ரிசல்ட்டை போனிலேயே பார்த்துக்கொண்டாளாம். நேற்று பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். எத்தனாவது ரேங்க் என்று கேட்க எனக்கு வாய் வரவில்லை.