மஞ்சளில் முக்கியெடுத்த பை

மதுரைக்கு வந்து இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. ஒரு கறிக்கு ஒரு முழுத் தேங்காயைத் துருவும் என் மனைவியை அடுத்த வீட்டுக்காரி இன்னும் நின்று பார்க்கிறாள். "ஒரு குழம்புக்கு இம்புட்டா, அக்கா? எங்களுக்கு ஒரு வாரத்துக்கு வரும்." எங்கள் யாழ்ப்பாணத்தில் முற்றத்துக் காயைப் பறித்துப் பால் பிழிவோம். இங்கே சாமிக்கு உடைத்த மூடிதான் பெரும்பாலும் சட்டினிக்கு வருகிறது.

நான் வந்ததும் தென்னைக்காகத்தான், விவசாய இலாகாவில் கலப்புக் கன்று உண்டாக்கும் வேலைக்கு. குட்டை மரம் சீக்கிரம் காய்க்கும், வறட்சி தாங்காது. நெட்டை வறட்சி தாங்கும், காய்க்க நாளாகும். இரண்டையும் கலந்தால் கன்றில் இரண்டு குணமும் சேரலாம் என்கிறது மரபியல். சோழவந்தானில் பேச்சியம்மாளின் தோப்பில் செந்நிறக் குட்டை மரம் ஒன்றைத் தேர்ந்தேன். 1936 மாசியில் அதன் பாளையில் ஆண்பூக்களைக் கிள்ளிவிட்டு, வேறு மகரந்தம் படாதபடி பெண்பூக்களை மூடி வெள்ளைத் துணிப்பை கட்டினேன். தந்தை மரம், யாழ்ப்பாணத்துச் சுன்னாகத்தில் எங்கள் கிணற்றடி நெட்டை. அதன் மகரந்தத்தைத் தம்பி உலர்த்திச் சீசாவில் அடைக்க, அது கப்பலும் ரயிலுமாக வரும் போட் மெயிலில் வந்து சேர்ந்தது. இந்தக் கலப்பு உறுதியானால்தான் என் தற்காலிக வேலை நீடிக்கும் என்று அதிகாரி சொல்லியிருந்தார்.

மகரந்தம் தூவிய மறுநாள் போனேன். பை மஞ்சளாக இருந்தது.

"காய்க்கிற மரத்துக்கு வெள்ளையவா கட்டுவாக, அண்ணே? எழவு வீடு மாதிரி இருந்துச்சு. மஞ்சள்ல முக்கிக் கட்டிட்டேன்" என்றாள் பேச்சியம்மாள்.

"எவ்வளவு நேரம் திறந்து கிடந்தது?"

"துணி காயிற வரைக்குந்தேன். தேனீ மொச்சுச்சு. நாந்தேன் வெரட்டிவிட்டேன்."

"இனி இதுக்குத் தகப்பன் யார் எண்டு சொல்லேலாது."

"தாய் இந்தா நிக்கிறா. தகப்பன் எவனா இருந்தா என்ன, காய்ச்சாச் சரி."

மறு ஆண்டு விளைந்த நெற்றுகளில் ஒன்றே முளைத்தது. தாய் தன் மகரந்தத்தையே ஏற்றிருந்தால் முளை செந்நிறமாக இருக்கும். இது பழுப்பு. ஆகவே தந்தை நெட்டைதான். அது சுன்னாகத்து நெட்டையா, பக்கத்துத் தோப்பு நெட்டையா என்பதை நிறம் சொல்லாது. ஐயமுள்ள கன்று கணக்கில் சேராது என்றார் அதிகாரி. ஆனியோடு என் வேலை முடிகிறது.

பேச்சியம்மாள் அந்தக் கன்றை வாய்க்கால் ஓரத்தில் நட்டுவிட்டாள். "காய்ச்சதும் கடுதாசி போடச் சொல்றேன். ஒங்க ஊருக் காய் மாதிரி இருக்கான்னு வந்து பாருங்க."

அடுத்த வாரம் கப்பலேறுகிறேன். சுன்னாகத்தில் கிணற்றடி மரத்தைப் பார்க்கும்போதெல்லாம், அதன் பிள்ளை வைகைத் தண்ணீர் குடிக்கிறது என்று நினைத்துக்கொள்ளலாம். நேற்று விடைபெறப் போனபோது, அந்தப் பைத்துணியைக் கிழித்துக் கன்றின் தண்டில் கட்டியிருந்தாள். மஞ்சள் பாதி வெளுத்திருந்தது.