கொலுவில் நடந்த போர்

எங்கள் வீட்டுக் கொலுவில் ஒரு வருஷம் போர் நடந்தது. நடத்தியது நான்தான். யாரிடமாவது சொன்னால் சிரிப்பார்கள் என்று நினைத்துத்தான் ஒவ்வொரு முறையும் ஆரம்பிக்கிறேன். பாதியிலேயே எனக்கு அலுத்துவிடுகிறது.

அப்போது எனக்குப் பத்து வயது. அடையாறில், புற்றுநோய் மருத்துவமனைக்கு நடந்துபோகும் தூரத்தில் ஒரு பழைய அடுக்ககத்தின் மூன்றாவது மாடியில் இருந்தோம். லிஃப்ட் பாதி நாள் ஓடாது. அங்கே வருஷாவருஷம் கொலுப் போட்டி உண்டு. முதல் பரிசு எப்போதும் தரைத்தளத்து மாமிக்கு. அம்மாவுக்கு ஐந்து வருஷமாக ஆறுதல் பரிசு. கிண்டியில் வேலைக்குப் போய், பஸ்ஸில் நின்றபடியே திரும்பி வந்து, மூச்சு வாங்கிக்கொண்டே சுண்டலுக்குக் கடலை ஊறப்போடுகிறவள் அவள். “ஒரே ஒரு தடவை முதல் பரிசு வாங்கிட்டேன்னா அதோட இந்தப் பொம்மைக்கெல்லாம் கும்பிடு போட்டுடுவேன்” என்று சொல்லிக்கொண்டேதான் பரணிலிருந்து பெட்டியை இறக்குவாள்.

அந்த வருஷம் சித்தப்பா மஸ்கட்டிலிருந்து லீவில் வந்திருந்தார். ஓமன் நாட்டுக் கோட்டைகளின் படங்களும் ஒரு பொட்டலம் சாம்பிராணியும் கொண்டுவந்தார். அந்த ஊர்ச் சாம்பிராணி ராஜாக்கள் காலத்திலேயே கப்பலேறிப் போனதாம். பக்கத்து நாடான ஏமனும் அதே மாதிரிப் பழைய நாடு, அங்கேயும் அதே சாம்பிராணி, ஆனால் இப்போது ஒரே குண்டு என்று தோசையைப் பிய்த்துக்கொண்டே சொன்னார். அம்மா கரண்டியோடு அப்படியே நின்றுவிட்டாள். கொலுப்படிக்குக் கீழே தரையில் வழக்கமாகப் பூங்கா அமைப்போம். அந்த இடத்தில் இந்த இரண்டு நாட்டையும் அக்கம்பக்கமாக வைத்தால் என்ன?

“பரிசுக்காக ரெண்டு நாட்டையே இழுத்துட்டு வரா பாரு” என்றார் அப்பா.

ஓமன் சுலபமாக முடிந்தது. மணல், தெர்மாகோல் கோட்டை, ஒட்டகம், சீரியல் விளக்கு. ஏமனுக்குத்தான் அம்மா மெனக்கெட்டாள். செருப்புப் பெட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டி உயரமான வீடுகள் செய்து, ஜன்னல்களைச் சுற்றி வெள்ளைப் பெயின்டில் பூவேலை போட்டாள். இணையத்தில் பார்த்த வீடுகள் அப்படித்தான் இருந்தன. முடித்துப் பார்த்தால் அது ஓமனைவிட அழகாக இருந்தது. இதில் போர் எங்கே இருக்கிறது என்று கேட்டேன். அம்மாவுக்குப் பதில் தெரியவில்லை. எனக்குத்தான் தெரிந்தது.

உடைந்த பொம்மையைக் கொலுவில் வைக்கக் கூடாது. குப்பையில் போடவும் அம்மாவுக்கு மனசு வராது. அதனால் பரணில் ஒரு டிரங்குப் பெட்டி நிறைய மூளிப் பொம்மைகள் இருந்தன. கல்யாண செட் முழுவதும் அதில் கிடந்தது. நாதஸ்வரக்காரருக்குத் தலை இல்லை, மாப்பிள்ளைக்குக் கை இல்லை, சம்பந்தியம்மாவுக்கு மூக்கு போயிருந்தது. அதையெல்லாம் ஏமனில் போட்டுவிடலாம் என்றேன். அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு கொஞ்சம் யோசித்து, படியில் வைத்தால்தான் குற்றம், தரையில் கிடந்தால் ஒன்றுமில்லை என்று ஒரு சட்டம் கண்டுபிடித்தாள். பரிசு என்று வந்தால் சாஸ்திரமும் கொஞ்சம் வளைந்து கொடுக்கும்போலும்.

இரண்டு பெட்டி வீடுகளைக் கிழித்துச் சாய்த்தேன். பொம்மைகளைக் குப்புறவும் மல்லாக்கவும் போட்டேன். அப்பா ஓர் அட்டையில் எழுதிக் கொடுத்தார்: ‘இரண்டும் பழம்பெரும் நாடுகள். ஒன்று அமைதியால் வாழ்ந்தது. ஒன்று போரால் வீழ்ந்தது.’ ஏதோ ஒன்று ஒழுங்காகப் படித்த பிள்ளை, மற்றது உருப்படாத பிள்ளை என்கிற மாதிரி.

எங்கள் எதிர் ஃபிளாட்டை மருத்துவமனைக்கு வருகிறவர்களுக்கு மாத வாடகைக்கு விடுவார்கள். அப்போது ஓர் ஆன்ட்டியும் அவருடைய கணவரும் தங்கியிருந்தார்கள். சிகிச்சை அங்கிளுக்கு. அவர்களை ‘அரபுக்காரங்க’ என்று சொல்வதோடு சரி, எந்த ஊர் என்று நாங்கள் கேட்டதே இல்லை. இரண்டு வீட்டிலும் பாத்திரம் தேய்த்த அக்காதான் சொன்னாள். ஆற்றங்கரையில் இருந்த வீடு போய், ஊருக்கு வெளியே குடிவைக்கப்பட்டு, இரண்டு பஸ் மாறி வருகிறவள்.

ஈரக் கையோடு கொலுவை எட்டிப் பார்த்துவிட்டு, “இன்னா பாப்பா, இது அவுங்க ஊரு மாரி கீது? அந்தக்கா போன்ல காட்டுச்சே. ஏமன்தான் அவுங்க ஊரு” என்றாள்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. அம்மா குளித்துக்கொண்டிருந்தாள். குங்குமச் சிமிழை எடுத்துக்கொண்டு எதிர் வீட்டுக்கு ஓடி, எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் அழைத்தேன்.

“ஆன்ட்டி, யுவர் கன்ட்ரி, அவர் ஹவுஸ். கம்!”

அன்று ஞாயிற்றுக்கிழமை. நடுவர்கள் ஆறு மணிக்கு வருவதாக இருந்தது. ஐந்தரைக்கே ஆன்ட்டி வந்தார். நல்ல நீலத்தில் பூவேலை போட்ட நீளமான உடை, கையில் ஒரு கிண்ணம் திராட்சையும் பாதாமும். சிரித்துக்கொண்டே வந்தவர் கொலுவுக்கு முன்னால் நின்றார். வலப்பக்கம் ஓமனைப் பார்த்தார். பிறகு இடப்பக்கம் பார்த்தார். அம்மாவுக்கு முகம் வெளுத்துவிட்டது. “சாரி... நாங்க...” என்று ஆரம்பித்தாள். ஆன்ட்டி காதில் வாங்காமல் தரையில் உட்கார்ந்தார்.

குப்புறக் கிடந்த மாப்பிள்ளையை எடுத்தார். தூசியைத் துடைத்து, உயரமான வீட்டு வாசலில் நிறுத்தினார். பக்கத்தில் பெண்ணை நிறுத்தினார். தலையில்லாத நாதஸ்வரக்காரர் நிற்க மறுத்தார். அவரைச் சுவரில் சாய்த்துவைத்தார். கிழிந்த பெட்டிகளை நிமிர்த்தி ஒன்றுக்கொன்று முட்டுக் கொடுத்தார். அவசரமே இல்லாமல் செய்தார். கடைசியில் அந்தத் தெரு முழுக்க ஒரு கல்யாண ஊர்வலம் நின்றது.

“வெட்டிங்,” என்றார். “அவர் ஸ்ட்ரீட்.” வாய்விட்டுச் சிரித்தார். என் கன்னத்தைக் கிள்ளிவிட்டு, “ஃபைவ் மினிட்” என்று சொல்லி வேகமாக எதிர் வீட்டுக்குள் போனார். அங்கிளுக்கு மருந்து கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

கீழ்த்தளத்தில் நடுவர்களின் பேச்சுச் சத்தம் கேட்டது. போரே இல்லாமல் போனால் அட்டைக்கு என்ன அர்த்தம்? அம்மா கொலுவைப் பார்த்தாள், கடிகாரத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். சுண்டல் எடுக்க உள்ளே போனாள். அன்று அவள் முகத்தில் இருந்த களைப்பை இப்போது கண்ணாடியில் பார்க்கிறேன்.

நான் கையை வீசி ஊர்வலத்தைத் தள்ளினேன்.

“அய்ய, இன்னா பாப்பா பண்ற? அந்தக்கா எம்மா நேரம் குந்திக்கினு நிக்க வெச்சுது!” என்று பாத்திர அக்கா கையைப் பிடித்தாள். உதறிவிட்டு வீடுகளையும் சாய்த்தேன்.

நடுவர்கள் மூன்று பேர். ஒருவர் அட்டையை உரக்கப் படித்தார். இன்னொருவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். “இதுக்கு மேல என்னங்க வேணும்? அப்படியே கண்ணு முன்னால நிக்குது” என்றார். எங்கள் வீடுதான் கடைசி என்பதால் அங்கேயே முடிவைச் சொல்லி, முதல் பரிசான ஹாட்பாக்ஸை என் கையில் கொடுத்துவிட்டுப் படியிறங்கினார்கள். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். பரிசை வாங்கிப் பார்க்கக்கூட இல்லை.

அப்போது எதிர்க் கதவு திறந்தது. ஆன்ட்டி அங்கிளை இடுப்போடு பிடித்து அழைத்துக்கொண்டு வந்தார். அவருக்குச் சலவைச் சட்டை போட்டுவிட்டிருந்தார். அது தோளில் தொங்கியது. அந்தக் கதவுக்கும் எங்கள் கதவுக்கும் பத்து அடிதான். அதற்குள் அங்கிள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கினார். ஆன்ட்டி அரபியில் ஏதோ சொல்லிக்கொண்டே, எங்கள் வீட்டுக்குள் கையைக் காட்டிக் காட்டிச் சிரித்துக்கொண்டே வந்தார்.

வாசலில் இருவரும் நின்றார்கள். அங்கிள் கொலுவைப் பார்த்தார். ஆன்ட்டியின் பேச்சு பாதியில் நின்றது. அம்மா நாற்காலியை விட்டு எழுந்தாள். பாத்திர அக்கா சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பரிசைப் பார்க்கத்தான் அழைத்து வந்திருக்கிறார் என்று நினைத்து, நான் ஹாட்பாக்ஸை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்து, “ஃபர்ஸ்ட் பிரைஸ் அங்கிள்! யுவர் கன்ட்ரி!” என்று கத்தினேன்.