கொலைகாரன் இல்லாத என் நாவல்

இன்று மாலை மயிலாப்பூரில் ஒரு வீட்டு மாடியில் என் நாவலுக்கு வாசகர் கூட்டம்.

காட்டுத்தீயை அணைக்கப் போன தீத்தடுப்புக் காவலர் கருகிச் சாகிறார். விபத்தா, கொலையா என்பதுதான் கதை. இதுவரை இந்த ஊரில் எந்த இலக்கிய அமைப்பும் என்னை அழைத்ததில்லை. அழைக்காதவர்களின் பெயர்கள் எனக்கு நன்றாக நினைவிருக்கின்றன.

முதலில் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி பேசினார்.

"யார் கொன்னான்னு சொல்லாமலே முடிச்சேள் பாருங்கோ, அங்கதான் சார் நீங்க நிக்கறேள்."

எனக்குத் திக்கென்றது. கடைசி அத்தியாயம் முழுக்க அதைத்தான் சொல்லியிருக்கிறேன். மாதக்கணக்கில் திருத்தித் திருத்தி எழுதிய அத்தியாயம்.

அடுத்துப் பேசிய பெண்மணி, "எரியற காட்டோட அப்படியே நிறுத்தினதுக்கு ஒரு துணிச்சல் வேணும்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள்.

பக்கத்திலிருந்த அமைப்பாளரிடம் மெதுவாகக் கேட்டேன். "இவங்கல்லாம் எந்தப் புத்தகத்தப் படிச்சாங்க?"

"இருந்தது ஒரு புக்குதானே சார். நான்தான் ஃபோன்ல பக்கம் பக்கமா படம் எடுத்து, பிடிஎஃப்பா குரூப்ல போட்டேன். கடைசியில ஃபோன்ல இடம் இல்ல, கொஞ்சம் விட்டுப்போச்சு. யாருக்கும் தெரியல, விடுங்க."

"நீங்க படிச்சீங்களா?"

"இனிமேதான் சார்."

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தேன். அதற்குள் பொன்னாடை போர்த்திவிட்டார்கள். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டேன்.

அச்சுப் புத்தகத்தைக் கடைசிவரை படித்தவர்கள் யாராவது இந்தப் பதிவைப் பார்த்தால் கீழே சொல்லுங்கள். கொன்றது யார் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். எனக்குக் கிடைத்திருக்கும் ஒரே நல்ல பெயர் போய்விடும்.